வால் இல்லாதவர்கள் கவனத்திற்கு

மூச்சு விட முடியாதவர்களுக்கு உதவுவதற்காக ஏற்பட்ட அந்தக் கழகம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஏற முடிந்தவர்கள் வந்தார்கள். ஏற முடியாதவர்கள் வரவில்லை. வந்தவர்களில் யாருக்கும் பெரிதாக மூச்சுத் திணறல் காணப்படவில்லை என்றும், ஆகவே வட்டாரத்தில் காற்றின் நிலை திருப்திகரமாக உள்ளது என்றும் கழகம் தன் முதல் ஆண்டறிக்கையிலேயே எழுதிவிட்டது.

கீழே, தரைத்தளக் கூடத்தில், இயந்திரங்கள் இருந்தன. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்புகிற இயந்திரங்கள். அட்டைப்பெட்டி பிரிக்காமல் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தால் தெரியும். மலர்க்கொடி ஒட்டித்தான் பார்த்தாள். அதில் ஒன்று அவள் புருஷன் அறிவுக்கு வேண்டும்.

அறிவு மணலியில் டேங்கர் லாரிகளின் வயிற்றுக்குள் இறங்கிக் கழுவியவன். உள்ளே என்ன ஏற்றி வந்தது என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. அவன் நுரையீரல் மட்டும் ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் மலர்க்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்லயே மெஷின் வெச்சுக்கணும்மா. இல்லாட்டி இந்த மழைக்காலத்தத் தாண்டறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். மழைக்காலம் அப்போதுதான் எண்ணூர்ப் பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது.

எனவே அவள் காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் கழகத்துக்கு வந்தாள். எர்ணாவூர் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரான சௌக்கத் அலியும் கூட வந்தார். அவர் மனைவி சாபிராவுக்கும் அதே இருமல், அதே டாக்டர், அதே சீட்டு.

பதிவு மேசையில் வால்டர் என்பவர் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் அல்ல. திரையில் என்ன வருகிறதோ அதைப் படிப்பார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அதுதான்.

"பேரு?"

"அறிவு."

"வயசு?" சொன்னாள். "வூட்டு நம்பரு?" சொன்னாள். "உயிரோட கீறாரா?"

"கீறாரு சார். அதுக்குத்தானே வந்துகீறேன்."

"கால் எத்தினி?"

"ரெண்டு."

"வால் நீளம்?"

மலர்க்கொடி சௌக்கத் அலியைப் பார்த்தாள். சௌக்கத் அலி மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னா சார் கேட்ட?"

"வால் நீளம்மா. சென்டிமீட்டர்ல."

"சார், அவரு மனுசன்."

"நான் இல்லன்னா சொன்னேன்? இங்க கேக்குது. எத்தினி போட?"

"வாலே இல்ல சார்."

"அப்ப சைபரு," என்று வால்டர் தட்டினார். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: இக்கட்டம் நிரப்பப்படவில்லை. மறுபடி சைபர் போட்டார். மறுபடி சிவப்பு. "பாரும்மா, எடுக்க மாட்டேங்குது. நல்லா கேட்டுக்கினு வா."

"யாரண்ட கேக்கறது?"

"அவராண்டதான். வால் அவருதானே."

மூலையில் ஒரு கணினியின் பின்னால் தீபன் இருந்தான். கழகத்தின் ஒரே நிரலாளன், ஒப்பந்த ஊழியன், ஒப்பந்தம் மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறவன். அவன் எழுந்து வந்து, இருவரையும் தண்ணீர் கேன் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அக்கா, கம்ப்யூட்டருக்கு ஆளுன்னா என்னன்னு தெரியாது. நாமதான் ஒரு அச்சு எழுதி வைக்கணும். க்ளாஸுன்னு சொல்லுவோம். பேரு, வயசு, வீட்டு நம்பரு, எல்லாம் அந்த அச்சுக்குள்ள இருக்கிற கட்டங்க. மத்த இடத்துல ஸ்க்ரீன்ல எதைக் கேக்கணும்னு ஒவ்வொண்ணா நாமளே எழுதி வைப்போம். இங்க அப்படி இல்ல. ப்ரோக்ராம் ஓடிட்டிருக்கும்போதே அச்சைப் பிரிச்சு உள்ள பாக்கும். என்னென்ன கட்டம் கிடக்கோ அத்தனையும் எடுத்துக் கேள்வியா வெச்சுடும். ரிஃப்ளெக்‌ஷன்னு பேரு. கண்ணாடியில தன்னையே பாத்துக்கிற மாதிரி."

"கண்ணாடில பாத்தா வால் இல்லன்னு தெரிஞ்சுடுமே தம்பி," என்றார் சௌக்கத் அலி.

"அது ஆளைப் பாக்காது பாய். அச்சைத்தான் பாக்கும்."

"அச்சுல வால் எங்கேந்து வந்துச்சு?"

தீபன் இயக்குநர் அறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "இதை எழுதின கம்பெனி புதுசா எழுத சோம்பப்பட்டு, பயிற்சி வகுப்புல எல்லாரும் பழகுற 'விலங்கு'ன்னு ஒரு அச்சு மேல 'பயனாளி' அச்சை ஒட்டிடுச்சு. அப்பன் அச்சுல என்ன கட்டம் இருந்தாலும் பிள்ளை அச்சுக்கும் வந்துடும். முதல்ல நான் பிள்ளையை மட்டும் பாக்குற மாதிரிதான் வெச்சிருந்தேன். டைரக்டர், ஒரு கட்டமும் விடுபடக் கூடாது, அப்பன், அப்பனுக்கு அப்பன்னு உச்சி வரைக்கும் ஏறிப் பாரு, மறைச்சு வெச்சதையும் தொறந்து பாருன்னு உத்தரவு போட்டாரு. பாத்தேன். வால் வந்துடுச்சு."

"சைபர் போட்டா இன்னாவாம்?" என்றாள் மலர்க்கொடி.

"எண் கட்டத்துல யாரும் ஒண்ணும் எழுதலன்னா தன்னால சைபர்தான் நிக்கும். அதனால சைபரைப் பாத்தா நீங்க எழுதவே இல்லன்னு அது நெனைச்சுக்குது."

"அந்தக் கட்டத்த எடுத்துட்டாத்தான் இன்னா?"

"ஒரு வரி வேலதான் அக்கா. ஆனா எதை மாத்தணும்னாலும் மாற்றக் குழு ஒப்புதல் தரணும்."

குழுவின் தலைவர் இயக்குநர் ஞானதுரை. அவர் அறையில் காற்றைச் சுத்தம் செய்கிற கருவி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி சொல்வதை அவர் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் திறந்து, பேச ஆரம்பித்தார். அவர் தனி ஆளிடம் பேசினாலும் மைக் இருப்பதுபோலத்தான் பேசுவார்.

"அம்மா, ஞானிகள் மலைக் குகையில் உட்கார்ந்து எதைச் செய்தார்களோ, அதை இந்த மென்பொருள் திருவொற்றியூரில் செய்கிறது. தன் உள்ளத்தைத் தானே நோக்குகிறது. அப்படி நோக்கும்போது அங்கே வால் தென்படுகிறது என்றால், தென்படவில்லை என்று சொல்ல நான் யார்? மனிதர்கள் பொய் சொல்வார்கள். அச்சு பொய் சொல்லாது."

"சார், அவருக்கு வால் இல்ல சார்."

"வால் இல்லை என்பது தகவல் அல்லம்மா. தகவலின்மை. தகவலின்மையை நம்பி ஒரு இயந்திரத்தை நான் வெளியே அனுப்பினால், நாளைக்கு எல்லோரும் வந்து எனக்கும் வால் இல்லை என்பார்கள்."

மலர்க்கொடி படித்த ஐந்தாம் வகுப்பு வரை இதற்கான பாடம் வரவில்லை.

ஆனாலும் ஞானதுரை மக்களிடம் இரக்கம் உள்ளவர். அடுத்த வாரமே வாசலில் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டது. வால் இல்லாதவர்கள் கவனத்திற்கு: முதுகெலும்பின் கடைசி எலும்பு இனி வாலாகக் கருதப்படும், அதை அளந்து தருவதற்குச் சிறப்பு முகாம் நடைபெறும், பயனாளி தன் வாலுடன் நேரில் வர வேண்டும், பிறர் வால் ஏற்கப்பட மாட்டாது.

பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அறிவு வீட்டைவிட்டு இறங்கவில்லை. எர்ணாவூரில் அவர்களுக்கு மூன்றாம் மாடி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்கார வைத்து, நாற்காலியின் முன்கால்களை மலர்க்கொடியும் பின்கால்களைச் சௌக்கத் அலியும் பிடித்துப் படிப்படியாக இறக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் எல்லாம் வைத்துவிட்டு நின்றார்கள். பின்னால் சாபிரா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். தூக்கியவர்களைவிட உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது.

"எங்க இட்னு போற?" என்றான் அறிவு.

"வால் அளக்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அவனைப் பிடித்து உலுக்கியது. அது அடங்கினதும், "நீட்டாதான் அளக்கச் சொல்லு மலரு. குட்டையா எய்திட்டா மெஷினும் குட்டையா குட்த்துடுவான்" என்றான்.

முகாமை ஞானதுரை குத்துவிளக்கேற்றித் துவக்கி வைத்தார். கற்பூரமும் சாம்பிராணியும் காட்டப்பட்டன. கூடத்தில் இருந்த நுரையீரல் நோயாளிகள் அத்தனை பேரும் சேர்ந்து இருமினார்கள். அதைக் கைதட்டல் என்று எண்ணி அவர் கும்பிட்டார். கூடத்தில் மேடை இல்லாததால், இயந்திரப் பெட்டிகளைப் பரப்பி, மேலே சிவப்புத் துணி விரித்து மேடையாக்கியிருந்தார்கள். ஒவ்வொருவராக அதன் மேல் ஏற்றி, முதுகைத் திருப்பச் சொல்லி, சட்டையைத் தூக்கி, வால்டர் டேப்பை வைத்தார். பெண்களுக்கு ஒரு திரை மறைவு இருந்தது. அது பாதிதான் மறைத்தது.

தனக்கு வேண்டிய இயந்திரத்தின் மேலேயே அறிவு குப்புறப் படுத்திருந்தான். மலர்க்கொடி அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணிக்கு அடியில் அட்டைப் பெட்டியின் மூலை நசுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

"மூணு," என்றார் வால்டர். "வந்துச்சு, பச்ச வந்துச்சு. எடுத்துக்கிச்சு." அவருக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் திரையைப் பார்த்தார். "அடுத்தது… உரிமையாளர் பேரு."

"இன்னாது?"

"ஓனரும்மா. இவரோட ஓனரு யாரு?"

கூடத்தில் இருமல் நின்றது. வாலுக்கு எல்லோரும் பழகிவிட்டிருந்தார்கள். இது புதிது.

விலங்கு என்று ஒரு அச்சு இருந்தால் அதற்கு ஓர் உரிமையாளர் கட்டம் இருக்கத்தான் செய்யும் என்று தீபன் மெதுவாகச் சொன்னான். ஞானதுரை மேடையருகிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "இதில் என்ன தயக்கம்? வேலை கொடுத்தவர், வீடு கொடுத்தவர், ஒரு பெரிய மனிதர், யார் பெயரையாவது போடுங்கள். உரிமையாளர் இருப்பது ஒரு பாதுகாப்புத்தானே. உரிமையாளர் இல்லாமல் இருப்பவர்களுக்கு இயந்திரம் கொடுத்தால், அதற்கு யார் பொறுப்பு?"

முன்னால் நின்ற ஒருவர் தன் பழைய மேஸ்திரியின் பெயரைக் கொடுத்தார். இன்னொருத்தி ரேஷன் கடைக்காரர் பெயரைக் கொடுத்தாள். சௌக்கத் அலி, "அல்லாதான் ஓனரு, போட்டுக்கோ" என்றார். திரை ஆதார் எண் கேட்டது. மலர்க்கொடி நாற்காலியைத் தூக்கினாள்.

வீட்டில் அறிவைப் படுக்க வைத்த பிறகு, "யாரு பேருதான்யா போடறது?" என்று கேட்டாள். அவன் வெகுநேரம் மூச்சைச் சேர்த்தான். சேர்த்த மூச்சில் சொன்னான்.

"எங்க தாத்தனுக்கு ஓனரு இருந்தான். மாடு மாரி கட்டி வெச்சிருந்தான். அத்த வுட்டு ஓடியாந்துதான் எங்கப்பன் வியாசர்பாடில குந்துனான். இப்ப நான் போயி இன்னொருத்தன் பேர எய்திக் குட்த்துட்டு மூச்சு வுடணுமா?"

"அப்ப வாணாம்னு சொல்லிடட்டா?"

"வேணும்." மறுபடி மூச்சைச் சேர்த்தான். "ஓனரு இல்லாம முடியாதுன்னு சொன்னவன் யாரு? அவன் பேரயே போடு."

மறுநாள் காலை மலர்க்கொடி வால்டர் முன்னால் நின்று, நிதானமாக, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்: "ஞானதுரை. இயக்குநர்."

வால்டர் தயங்கினார். ஆனால் திரை தயங்கவில்லை. கழக ஊழியர்களின் ஆதார் எண்கள் முன்பே அதனிடம் இருந்தன. பச்சை வந்தது. பின்னால் நின்ற சௌக்கத் அலி, "எங்க வூட்டுக்காரிக்கும் அவரே இருக்கட்டும், நல்ல மனுசன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். மேஸ்திரி பெயரைக் கொடுத்திருந்தவர் திரும்பி வந்து மாற்றிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஞானதுரை எர்ணாவூரில் பெரும்பகுதிக்கு உரிமையாளர் ஆகிவிட்டார்.

விலங்கு அச்சை எழுதிப் பழகியவர்கள், உரிமையாளருக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகிற வசதியும் செய்து பழகியிருந்தார்கள். ஞானதுரையின் கைப்பேசி அன்று முதல் ஓயவில்லை. உங்கள் விலங்குக்குத் தடுப்பூசி போட வேண்டிய தேதி நெருங்குகிறது. உங்கள் விலங்கைப் பொது இடத்தில் திரிய விடாதீர்கள். இவற்றோடு, ஒவ்வொரு விலங்குக்கும் உரிமையாளர் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால்தான் இயந்திரம் வெளியேறும் என்றும் வந்தது.

அவர் அழுத்தவில்லை.

"அழுத்தினால் நான் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்மா," என்று மலர்க்கொடியிடம் விளக்கினார். "இத்தனை பேருக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

"எடுத்துடுங்க சார் அந்தக் கட்டத்த. ஒரு வரின்னு அந்தத் தம்பி சொல்லுது."

"ஒரு வரிதான். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே."

அவள் அதன் பிறகும் போனாள். குழு கூடவில்லை என்றார்கள். கூடியது, ஆனால் தேநீரோடு முடிந்துவிட்டது என்றார்கள். உறுப்பினர்கள் ரிஃப்ளெக்‌ஷனைப் பற்றி அறிந்துகொள்ள வெளியூர்ப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கும்போது ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். சிவப்புத் துணியை எடுத்துவிட்டுப் பெட்டிகளை மறுபடி அடுக்கிவிட்டிருந்தார்கள். நசுங்கின பெட்டி மேலே இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மணலியிலிருந்து ஒரு நெடி இறங்கி, துவைத்துக் காயப்போட்ட துணியில்கூடத் தங்கியது. ஒரு மத்தியானம், மலர்க்கொடி காசிமேட்டிலிருந்து வருவதற்குள், அறிவு இறந்துபோனான். சாபிராதான் பக்கத்தில் இருந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சுக்கும் திணறிக்கொண்டு.

புதைத்துவிட்டு வந்த பின், மலர்க்கொடி கழகத்துக்குப் போய் அதையும் சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல, சாதாரணமாக. வால்டர் எழுந்து நின்றார். அப்புறம் உட்கார்ந்து, 'உயிரோடு உள்ளதா' என்ற கட்டத்தில் இருந்த ஆம் என்பதை இல்லை ஆக்கினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அதுதான்.

உடனே உள்ளறையில் ஒரு கைப்பேசி மணி அடித்தது.

உங்கள் விலங்கு இறந்துவிட்டது. உடலை அப்புறப்படுத்துவது உரிமையாளரின் பொறுப்பு.

ஞானதுரை தீபனைக் கூப்பிட்ட குரல் கீழே டீக்கடை வரை கேட்டதாம். "எடு. அந்த அப்பன் அச்சை அப்படியே வெட்டி எடு. இப்போதே."

"மாற்றக் குழு ஒப்புதல், சார்?"

"குழுவே நான்தான்யா."

தீபன் போய் உட்கார்ந்தான். ஒரு வரி. மேசையில் வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்தது. பிறகு எழுந்து வந்து வாசலில் நின்றான். "சார், ஒரு விஷயம். வால், உரிமையாளர் எல்லாம் போயிடுச்சு. ஆனா உயிரோட இருக்காங்களான்னு கேக்குற கட்டமும் அப்பன் அச்சுலதான் இருந்துச்சு. அதுவும் சேர்ந்து போயிடுச்சு. பயனாளி அச்சுல புதுசா எழுதணும்."

"கட்டம் குறைந்தால் நல்லதுதானே. விடு."

மீதிக் கட்டங்கள் எல்லாம் யாருக்குச் சரியாக நிரம்பியிருந்தனவோ அவர்களை மென்பொருள் அப்போதே தேர்ந்தெடுத்தது. பெயர், வயது, வீட்டு எண். அகர வரிசையில் முதல் பெயர் அறிவு.

ராயபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். முதல் பயனாளி இயந்திரம் பெறுவதைப் பெரிய திரையில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு. வால்டர் நசுங்கின பெட்டியோடும், கழகத்தின் பெயர் போட்ட பேனரோடும், கைப்பேசி பிடிக்க ஓர் ஆளோடும் எர்ணாவூர் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். கதவு திறந்திருந்தது. சுவரில் அறிவின் படம், சாமந்தி மாலையோடு. வால்டருக்குத் தெரியும். தெரியும் என்பது முகத்தில் இருந்தது.

"இன்னா சார் இது?" என்றாள் மலர்க்கொடி. "நீதானே இல்லன்னு போட்ட."

"போட்டேம்மா. அந்தக் கட்டமே இப்ப இல்ல. அதுல அவரு… செலக்ட் ஆயிகீறாரு." அவர் பார்வை தரையில் இருந்தது. "ரெண்டு நிமிசந்தான். கொஞ்சம் பெட்டிய புட்ச்சுக்கினு நில்லும்மா."

கைப்பேசியிலிருந்து ஞானதுரையின் குரல் வந்துகொண்டிருந்தது. "…அமைப்பைச் சீர்திருத்திய நாள் முதல், நம் பயனாளிகளில் ஒருவர்கூட இறந்ததாகப் பதிவு இல்லை என்பதை இந்த மன்றத்தில் பெருமையுடன் அறிவிக்கிறேன்." கைதட்டல். "இதோ, எர்ணாவூர். அம்மா, வணக்கம். அறிவு அவர்கள் நலமா? எங்கே, அவரைக் காட்டுங்கள்."

மலர்க்கொடி கைப்பேசியைப் பிடித்திருந்தவன் கையைப் பற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பினாள். ராயபுரத்துத் திரையில் சாமந்தி மாலை தெரிந்திருக்க வேண்டும். கைதட்டல் ஓரிடத்தில் நின்று, இன்னோரிடத்தில் நின்று, முழுக்க நின்றது.

"சார், நான் மலர்க்கொடி," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு மெசேஜு வந்துச்சாமே. உங்க விலங்கு செத்துப்பூட்ச்சு, ஓனருதான் வந்து எட்த்துக்கினு போவணும்னு. நாங்க பார்த்துக்கினே இருந்தோம். நீங்க வரல. நாங்களே எட்த்துக்கினு போயி பொதச்சுட்டோம்."

"அம்மா…" ஞானதுரைக்கு மைக் கையில் இருந்தது ஞாபகம் வந்திருக்கும். "அம்மா, அந்தக் கட்டம் இப்போது நடைமுறையில் இல்லை."

"அவரும் இல்ல சார்."

அவள் குனிந்து பெட்டியைத் தூக்கினாள். கனமாகத்தான் இருந்தது. நாற்காலியோடு ஆளைத் தூக்கின கைக்கு அது பெரிய கனமில்லை. நடைவழியைத் தாண்டி, சௌக்கத் அலி வீட்டுக் கதவைக் காலால் தள்ளினாள். உள்ளே சாபிரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தோளால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

வால்டர் பின்னால் ஓடி வந்தார். "யம்மா, யம்மா, அது அறிவு பேர்ல கீது. வேற ஆளுக்குத் தரக் கூடாது."

"டேப்பு எட்த்தாந்துகீறியா?" மலர்க்கொடி திரும்பாமல் அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "எட்த்தாந்திருந்தா வந்து அள. இல்லாட்டி அந்த ப்ளக்க சொருவு."

வால்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் மண்டியிட்டு, ப்ளக்கைச் சொருகினார்.

கைப்பேசிக்காரன் எதைக் காட்டுவது என்று தெரியாமல் அதையே காட்டிக்கொண்டிருந்தான். ராயபுரம் மண்டபத்தில், பெரிய திரையில், சாபிராவின் மூக்கில் மலர்க்கொடி குழாயை வைப்பதும், இயந்திரம் ஒருமுறை உறுமி ஓடத் தொடங்குவதும் தெரிந்தன. நேரலையை நிறுத்தச் சொல்லித் தொழில்நுட்ப ஆட்களிடம் யாரோ கத்தினார்கள். குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். குழு மேடையில், மைக்கைப் பிடித்தபடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.